எந்த வசதி அதிகம் பயன்படுகிறது: சொடுக்குகளை எண்ணும் முன் தீர்மானிக்க வேண்டியவை

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ நாற்பது வசதிகள் கொண்ட ஒரு செயலி இருக்கிறது. ஓராண்டாகச் சேர்ந்த பயன்பாட்டுத் தரவிலிருந்து ஒவ்வொரு வசதியும் எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்று எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. அதில் முதல் பத்து இடங்களைப் பிடித்தவற்றை முகப்புத் திரைக்குக் கொண்டுவரலாமா, கடைசிப் பத்தை அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாமா என்பதே கேள்வி. முதல் பாதியைச் சில திருத்தங்களுடன் செய்யலாம் என்பது என் பதில். இரண்டாம் பாதியை இந்தப் பட்டியலை மட்டும் நம்பிச் செய்யவே கூடாது. இரண்டுக்கும் ஏன் வேறுவேறு பதில் என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆயிரம் பேர் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வசதியை 900 பேர் மாதத்துக்கு ஒருமுறை பயன்படுத்துகிறார்கள். பதிவில் 900 நிகழ்வுகள் சேரும். இன்னொரு வசதியைப் பத்தே பேர், ஆளுக்கு 300 முறை பயன்படுத்துகிறார்கள். பதிவில் 3,000 நிகழ்வுகள் சேரும். சொடுக்குகளைக் கூட்டிப் போட்ட பட்டியல் இரண்டாவதைத்தான் மேலே வைக்கும். நூறு பேரில் ஒருவர் மட்டும் தொடும் ஒன்று முகப்புத் திரையில் இடம்பிடிக்க, பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டியது மெனுவின் அடியில் கிடக்கும். கணக்கில் பிழையேதும் இல்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்துகிறவர் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறார் என்ற இரண்டு வேறு செய்திகளை ஒரே எண்ணுக்குள் போட்டுப் பெருக்கிவிட்டதுதான் தவறு. ஆகவே பட்டியலில் முதலில் செய்ய வேண்டிய திருத்தம், அந்த ஒற்றை எண்ணை இரண்டாகப் பிரிப்பது. ஒரு நெடுவரிசையில் அந்த வசதியை ஒருமுறையாவது பயன்படுத்திய தனிநபர்களின் எண்ணிக்கை இருக்கட்டும். மற்றொன்றில், அப்படிப் பயன்படுத்தியவர்கள் வாரத்துக்கு எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்பதன் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் எண், இருக்கட்டும். இங்கே சராசரியைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் நாளெல்லாம் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் நான்கைந்து பேர் சராசரியைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: எந்த விகிதத்திலும் கீழே நிற்கும் எண் எது என்பது. ‘ஆயிரம் பேரில் 84 பேர்தான் குழுவுடன் பகிரும் வசதியைப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே 8.4 சதவீதம்’ என்று அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஆயிரம் பேரில் குழுக் கணக்கு வைத்திருப்பவர்கள் 120 பேர் மட்டுமே என்றால், மற்ற 880 பேருக்கும் பகிர்வதற்கு ஆளே இல்லை; அவர்கள் திரையில் அந்தப் பொத்தான் தோன்றக்கூட இல்லாமல் இருக்கலாம். பயன்படுத்த வாய்ப்பிருந்தவர்களை மட்டும் கீழே வைத்து வகுத்தால் அதே 84 பேர் 70 சதவீதம் ஆகிறார்கள். பட்டியலின் வாலில் கிடந்த வசதி, தனக்குரிய கூட்டத்தில் மிகவும் வேண்டப்பட்ட வசதி என்று தெரியவருகிறது. ஒவ்வொரு வசதிக்கும் ‘இதைப் பயன்படுத்தும் நிலையில் இருந்தவர்கள் யார்’ என்ற வரையறையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அது எந்தப் பதிப்பில் வந்தது, எந்தக் கருவிகளில் கிடைக்கிறது, எந்த வகைக் கணக்குக்குத் திறந்திருக்கிறது, அதற்கு முன் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்பவை அந்த வரையறையில் அடங்கும். மூன்று மாதங்களுக்கு முன் வெளிவந்த வசதியை ஓராண்டுத் தரவில் மற்றவற்றோடு சேர்த்து வரிசைப்படுத்துவது, பாதியில் வந்து சேர்ந்த மாணவரின் வருகையை ஆண்டு முழுவதற்கும் கணக்கிடுவதைப் போன்றது.

சொடுக்குகளை எண்ணுவது எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு எந்த எண் பொருந்தும் என்பதுதான் பேச்சு. இதற்கு நல்ல உதாரணம் மைக்ரோசாஃப்ட் வேர்ட். ஆபிஸ் 2007-இன் புதிய இடைமுகம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அதன் வடிவமைப்பில் முன்னின்ற ஜென்சன் ஹாரிஸ், வேர்ட் 2003-ஐப் பயன்படுத்தியவர்களில் தரவு அனுப்ப இசைந்தவர்களிடமிருந்து கிடைத்த விவரங்களை 2006-இல் பகிர்ந்தார். ஒட்டுதல், சேமித்தல், நகலெடுத்தல், செய்ததை மீட்டல் (Undo), எழுத்தைத் தடிமனாக்கல் ஆகிய ஐந்து கட்டளைகள் மட்டுமே மொத்தக் கட்டளைப் பயன்பாட்டில் ஏறத்தாழ 32 சதவீதம் என்பது அதில் தெரிந்தது. ஒட்டுதல் மட்டும் 11 சதவீதத்துக்கு மேல்; இரண்டாம் இடத்தில் இருந்த சேமித்தலைப்போல இரு மடங்குக்கும் அதிகம். முதல் பத்துக் கட்டளைகளைத் தாண்டியபின் வளைகோடு பெரிதும் தட்டையாகிவிட்டது. ஆபிஸ் 2007-இல் முகப்புத் தாவலின் இடது ஓரத்தில் ஒட்டுதலுக்கான பொத்தான் மற்ற பெரும்பாலானவற்றைவிடப் பெரிதாக இருந்ததை அந்தப் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் நினைவுகூர்வார்கள். எந்தப் பொத்தானைக் கைக்கு அருகில் வைத்தால் கை குறைவாக அலையும் என்ற கேள்விக்கு மொத்தச் சொடுக்குகளின் எண்ணிக்கை மிகப் பொருத்தமான விடை. நாற்பதில் எதை நீக்கலாம் என்ற கேள்விக்கு அதே எண் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. நீக்கும் முடிவெல்லாம் வளைகோடு தட்டையாகிவிட்ட அந்த நீண்ட வால் பகுதியில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே இருபத்தைந்தாம் இடத்துக்கும் முப்பத்தைந்தாம் இடத்துக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலாகவே இருக்கக்கூடும்.

தற்செயல் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 200 பேரில் 20 பேர் ஒரு வசதியைப் பயன்படுத்தினார்கள் என்றால் அது 10 சதவீதம். ஆனால் அந்த 200 பேர் ஒரு பெரிய கூட்டத்தின் மாதிரி மட்டுமே என்றால், வில்சன் முறை என்ற புள்ளியியல் கணக்கின்படி 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லக்கூடியது, உண்மையான விகிதம் 6.6-க்கும் 14.9-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. 9 சதவீதம் பெற்ற வசதியும் 11 சதவீதம் பெற்ற வசதியும் அடுத்த மாதம் இடம் மாறி நின்றால் வியப்படைய ஏதுமில்லை. பட்டியலில் தரவரிசை எண்ணை எழுதுவதையே நான் விட்டுவிட்டேன். விகிதத்தையும் அதன் இரு எல்லைகளையும் எழுதினால், எவற்றை ஒன்றுக்கொன்று பிரித்துப் பார்க்க முடியாது என்பது படிப்பவருக்குத் தானே புலப்படும்.

இனி, எண்ணுவதற்கு முன் அந்தத் தரவு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் கணக்குப் பதிவுச் செயலியில், அச்சிடும் வசதியை ஏறக்குறைய யாருமே பயன்படுத்துவதில்லை என்று அறிக்கை சொன்னது. அதை நம்பி, அந்தப் பொத்தானை இரண்டு அடுக்கு உள்ளே தள்ளினோம். பிறகுதான் தெரிந்தது, திரையின் மேலிருந்த பொத்தானை அழுத்தினால் மட்டுமே நிகழ்வு பதிவானது. விசைப்பலகையின் குறுக்குவழியில் அச்சிட்டவர்கள் ஒருவர்கூடப் பதிவாகவில்லை. நாள்தோறும் அச்சிடுகிறவர்கள்தான் குறுக்குவழியைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால், மிகுதியாகப் பயன்படுத்தியவர்களே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். அன்றிலிருந்து நான் வலியுறுத்துவது, நிகழ்வைப் பொத்தானில் பதியாமல் செயல் நடக்கும் இடத்தில் பதிய வேண்டும் என்பதே. ‘அச்சிடல் தொடங்கியது’, ‘அச்சிடல் முடிந்தது’, ‘அச்சிடல் தோற்றது’ என்று மூன்றும் தனித்தனியே பதிவாகட்டும். பொத்தான், மெனு, குறுக்குவழி ஆகியவற்றில் எந்த வழியாக அழைக்கப்பட்டது என்பது நிகழ்வோடு செல்லும் ஒரு குறிப்பாக இருக்கட்டும். தொடங்கியவற்றுக்கும் முடிந்தவற்றுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால், அந்த வசதியிடம் விருப்பத்தோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள் என்று பொருள். தொடக்கத்தை மட்டும் எண்ணினால் அந்தத் தோல்வி முழுவதும் வரவேற்பாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதே இடத்தில் கவனிக்க வேண்டிய வேறு சில சிக்கல்களும் உண்டு. தானாகச் சேமித்தல், பின்னணியில் ஒத்திசைத்தல் போன்றவற்றைச் செயலியே செய்கிறது. அவை மனிதர் செய்தவற்றோடு கலந்துவிடக் கூடாது. உங்கள் குழுவினரும் சோதனை நிரல்களும் உருவாக்கிய நிகழ்வுகளை விலக்க வேண்டும். சிறிய செயலியில் இவை மட்டுமே பட்டியலைத் தலைகீழாக்கிவிடும். இணைப்பில்லாமல் பயன்படுத்தியவர்களின் பதிவுகள் நாட்கள் கழித்து வந்து சேரும், சில வேளைகளில் இருமுறை வரும். ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அடையாள எண் இருப்பதும், கருவியில் நிகழ்ந்த நேரமும் சர்வரை அடைந்த நேரமும் இரண்டுமே பதியப்படுவதும் தேவை. ஒருவர் இரண்டு கருவிகள் வைத்திருந்தால் இருவராகவும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவினால் புதியவராகவும் எண்ணப்படுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

தரவு சரியாகவே சேர்ந்திருக்கிறது, விகிதங்களும் சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் குறைந்த பயன்பாடு எதைக் காட்டுகிறது என்பது தெளிவாவதில்லை. கண்ணில் படும் இடத்தில் இருப்பது சொடுக்கப்படும். மூன்று மெனுக்களுக்கு அடியில் இருப்பது சொடுக்கப்படாது. இன்றைய பட்டியலை வைத்து முகப்புத் திரையை அமைத்தால், அடுத்த ஆண்டுப் பட்டியல் அந்த முகப்புத் திரையையே திருப்பிக் காட்டும். நீங்கள் எடுத்த முடிவை நீங்களே தரவின் வழியாக உறுதிசெய்துகொள்வீர்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதற்கு நான் கண்ட சிறந்த வழி, மூன்றாவதாக ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பது: ஒரு வசதியை முதன்முறை பயன்படுத்தியவர்களில் எத்தனை பேர் அடுத்த நான்கு வாரங்களுக்குள் மீண்டும் அதைத் தேடி வந்தார்கள் என்பது. சிலரே எட்டிப்பார்த்து, எட்டிப்பார்த்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள் என்றால், அது மறைந்துகிடக்கும் நல்ல வசதி. அதை நீக்குவதைவிட வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே சரி. பலர் எட்டிப்பார்த்து, யாருமே திரும்பவில்லை என்றால், அதன் பெயரோ இடமோ ஏதோ ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு உள்ளே ஏமாற்றுகிறது. மொத்தச் சொடுக்குகளில் அது உயரத்தில் நிற்கக்கூடும், ஆனால் அந்த உயரம் புதியவர்கள் தொடர்ந்து வருவதால் மட்டுமே கிடைத்தது. உறுதியாக அறிய வேண்டுமானால், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அந்த வசதியை முன்னால் வைத்தும் மறு பாதிக்குப் பழைய இடத்திலேயே விட்டும் சில வாரங்கள் ஒப்பிடலாம். இடத்தின் விளைவையும் தேவையின் விளைவையும் பிரித்துக் காட்டுவதில் இதற்கு நிகரான முறை வேறில்லை.

மிகுந்த பயன்பாடும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. கடவுச்சொல்லை மீட்கும் பக்கம் உங்கள் முதல் பத்தில் இருந்தால், அதை முகப்புக்குக் கொண்டுவர யாரும் நினைக்க மாட்டார்கள். நுழைவு முறையில் குறை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் செயலிக்குள் தேடும் பெட்டி, வடிகட்டி, செய்ததை மீட்டல் போன்றவை மேலே வரும்போது அதே ஐயம் எழுவதில்லை. மக்கள் தேடலை விரும்புகிறார்களா, அல்லது வேண்டியது வேண்டிய இடத்தில் இல்லாததால் தேடுகிறார்களா என்பதை எண்ணிக்கை சொல்லாது. எதைத் தட்டச்சு செய்து தேடுகிறார்கள் என்பதன் தொகுப்பும், தேடி முடித்தவுடன் எங்கே போகிறார்கள் என்பதும் சொல்லும்.

நீக்கும் முடிவுக்கு வருவோம். அரிதாகப் பயன்படுவதும் தேவையற்றதும் ஒன்றல்ல. இழந்த கோப்பைக் காப்புப்படியிலிருந்து மீட்டெடுக்கும் வசதியைப் பெரும்பாலானோர் ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தொடமாட்டார்கள். தொடும் அந்த நாளில் அது இல்லையென்றால் செயலியின் மீது வைத்திருந்த நம்பிக்கை முழுவதும் போய்விடும். தரவை வெளியே எடுத்துச்செல்லும் வசதி, ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பு, கணக்கை முழுவதுமாக அழித்தல் ஆகியவையும் இந்த வகைதான். தர மேலாண்மை அறிஞர் நொரியாகி கானோவும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், இருந்தால் யாரும் பாராட்டாத, இல்லாவிட்டால் எல்லோரும் கோபப்படும் பண்புகளைத் தனி வகையாகப் பிரித்தார்கள். பயன்பாட்டு எண்ணிக்கையின் கண்ணுக்கு அந்த வகை அறவே தெரியாது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளோடு இயங்குவதற்காகச் செய்யப்படும் வசதிகளின் நிலை இதைவிட மோசம். ஒரு பயனர் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறாரா என்பதை உலாவிகள் இணையதளங்களுக்குத் தெரிவிப்பதில்லை. அவரது தனியுரிமையைக் காக்கவே அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே எண்ணிக்கை சுழியமாக இருப்பது யாரும் இல்லை என்பதற்குச் சான்றே அல்ல. ஒரு பார்வையற்ற பயனருக்கு அந்த வசதி நாற்பதில் ஒன்று அல்ல. மற்ற முப்பத்தொன்பதுக்கும் அதுவே வாசல்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, ஆண்டுக்கணக்கில் திரையின் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானும் அதன் மெனுவும் இல்லை. மெனுவின் பயன்பாடு குறைந்து, மக்கள் பணிப்பட்டையில் செயலிகளைப் பொருத்திவைத்துத் திறக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதை மைக்ரோசாஃப்ட் தான் சேகரித்த பயன்பாட்டுத் தரவிலிருந்து (டெலிமெட்ரி) எடுத்துக்காட்டியது. தரவு பொய் சொல்லவில்லை என்றே நான் எண்ணுகிறேன். அடிக்கடி திறப்பவை பணிப்பட்டைக்கு இடம்பெயர்ந்தால் மெனுவின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஆனால் எஞ்சியிருக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே வழி என்பதும், வழி தெரியாதபோது முதலில் தேடப்படும் இடம் அது என்பதும் அந்தக் குறைவால் மாறிவிடவில்லை. 2013-இல் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015-இல் விண்டோஸ் 10-இல் மெனுவும் திரும்பியது.

இதற்கு மாறாக, கவனத்தோடு செய்யப்பட்ட நீக்கத்துக்கு ஃபயர்பாக்ஸ் உலாவியை எடுத்துக்காட்டலாம். 2018 டிசம்பரில் வெளிவந்த 64-ஆம் பதிப்பில் அதை உருவாக்கும் மொசில்லா செய்தியோடை (RSS) வாசிப்பையும், அந்த ஓடைகளின் புதிய தலைப்புகளைத் தானாகக் காட்டும் ‘உயிர்ப்புள்ள நூற்குறிகளையும்’ நீக்கியது. பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர் என்பது ஒரு காரணம். அந்தப் பழைய நிரலைப் பராமரிக்கவும் பாதுகாப்பாக வைத்திருக்கவும் ஆகும் உழைப்பு மற்றொரு காரணம். இரண்டையும் சேர்த்து எடைபோட்டதோடு, ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களின் ஓடைகளை வேறு வாசிப்பான்கள் ஏற்கும் ஒரு கோப்பாக எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அதே வேலையைச் செய்யும், உலாவியோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய நீட்சிகளும் இருந்தன. வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் யாருடைய தரவும் தெருவில் விடப்படவில்லை.

‘மென்பொருள் வசதிகளில் 64 சதவீதம் அரிதாகவோ அறவே இல்லாமலோ பயன்படுகின்றன’ என்ற எண்ணை நீக்கத்துக்கு ஆதரவாக யாராவது மேற்கோள் காட்டக்கூடும். மென்பொருள் திட்டங்களை ஆராயும் ஸ்டாண்டிஷ் குழுமத்தின் தலைவர் ஜிம் ஜான்சன் 2002-இல் ஒரு மாநாட்டு உரையில் சொன்ன எண் அது. அதன் அடிப்படை, நிறுவனங்களுக்குள்ளேயே பயன்பட்ட நான்கு செயலிகள். அந்த நான்குக்கு அது உண்மையாக இருந்திருக்கலாம், உங்கள் செயலிக்கு அதை வைத்து எதுவும் முடிவுசெய்ய முடியாது. உங்களிடம் உங்கள் தரவே இருக்கிறது.

அந்தத் தரவில் யார் இல்லை என்பதும் ஒரு கேள்விதான். செயலியை விட்டுப்போனவர்கள் இல்லை. அவர்கள் எந்த வசதியால் வெறுத்துப் போனார்கள் என்பது, கடைசி வாரத்தில் அவர்கள் செய்தவற்றைத் தனியே எடுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. தரவு அனுப்ப மறுத்தவர்களும் இல்லை. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் எந்த மென்பொருள் தொகுப்பு எவ்வளவு பயன்படுகிறது என்று அறிய ஒரு கருவி நெடுங்காலமாக இருக்கிறது. விரும்பி நிறுவிக்கொள்பவர்களிடமிருந்து மட்டுமே அது விவரம் பெறுகிறது. குறுந்தகடுகளில் எந்தத் தொகுப்பை முதலில் வைப்பது என்பதற்கு அந்த முடிவுகள் உதவின. அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், நிறுவப்பட்டவை, தவறாமல் பயன்படுபவை, நிறுவியும் ஒரு மாதத்துக்கு மேல் தொடப்படாதவை, அண்மையில் புதுப்பிக்கப்பட்டதால் சொல்ல முடியாதவை ஆகியவற்றின் எண்ணிக்கையைத் தனித்தனியே காட்டுவது. கடைசி வகையை மறைக்காமல் தனியே வைத்திருக்கும் அந்த நேர்மை பல வணிக அறிக்கைகளில் இல்லை. ஆயினும் அது, தன்விருப்பத்தோடு இணைந்தவர்களின் படம் மட்டுமே. மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று கருதிக்கொள்ளக் கூடாது.

மறுப்பவர்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்றால் அவர்களைக் குறைசொல்வதில் பயனில்லை. எவ்வளவு கேட்கிறோம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். 2021-இல் ஒலித் தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் பயன்பாட்டுத் தரவைச் சேர்க்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, பயனர் இசைந்தால் மட்டுமே என்று சொல்லப்பட்டும் பெரும் எதிர்ப்பு எழுந்து அது கைவிடப்பட்டது. 2023-இல் கோ நிரல்மொழியின் கருவிகளுக்கு, அப்போது அந்த மொழியின் குழுவை வழிநடத்திய ரஸ் காக்ஸ் ஒரு திட்டத்தை எழுதினார்; மறுக்காதவரை தரவு செல்லும் என்ற முதல் வடிவத்தை எதிர்ப்புக்குப் பின் மாற்றி, இசைந்தால் மட்டுமே செல்லும் என்று ஆக்கினார்கள். அந்த விவாதத்தில் பயனுள்ள கருத்தொன்று இருந்தது: எல்லோரிடமிருந்தும் எப்போதும் சேகரிக்க வேண்டியதே இல்லை. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு விகிதத்தை ஒரு சதவீதப் புள்ளிப் பிழைக்குள், 99 சதவீத நம்பிக்கையுடன் அறிய, கோடிக்கணக்கான பயனர்கள் இருந்தாலும், குலுக்கலில் தேர்ந்த ஏறத்தாழ 16,600 பதிவுகள் போதும்.

தனிநபர் என்ன செய்தார் என்று அறியாமலே கூட்டத்தின் விகிதத்தை அறியவும் வழி உண்டு. 1965-இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த எண்ணத்தின் எளிய வடிவம் இது: ஒவ்வொரு கருவியும் மனதுக்குள் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறது. தலை விழுந்தால் உண்மையைச் சொல்கிறது. பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு ‘ஆம்’ என்றும் பூவுக்கு ‘இல்லை’ என்றும் சொல்கிறது. எந்த ஒரு ‘ஆம்’ வந்தாலும் அது உண்மையா சுண்டலின் விளைவா என்று சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் 40 சதவீதம் ‘ஆம்’ வந்தால், வெறும் சுண்டலால் வந்த 25-ஐக் கழித்து, மீதி 15-ஐ உண்மை சொன்ன பாதியால் வகுத்தால், பயன்படுத்தியவர்கள் 30 சதவீதம் என்று கிடைத்துவிடுகிறது. கூகுள் 2014-இல் குரோம் உலாவிக்காக வெளியிட்ட முறையும், ஆப்பிள் 2016 முதல் தன் கருவிகளில் கையாளும் முறையும் இந்த எண்ணத்தின் வளர்ந்த வடிவங்கள். உங்கள் நாற்பது வசதிகளுக்கு இவ்வளவு நுட்பம் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் ஆவணத்தின் பெயர், தட்டச்சு செய்த சொற்கள், முழு முகவரி போன்றவை பதிவுக்குள் வரவே கூடாது என்பதும், வாரக் கணக்குப் போட்டபின் தனித்தனிப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தும். ஐரோப்பியப் பயனர்கள் இருந்தால், 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, தேவைக்கு மேல் சேர்ப்பதே மீறல்.

இனி உங்கள் பட்டியலுக்கு. முதல் பத்தை, புதியவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும், கைப்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனியே எடுங்கள். ஒன்றாகச் சேர்த்த பட்டியலில் கைப்பேசிக் கூட்டம் பெரிதாக இருந்தால் கணினியில் வேலை செய்பவர்களின் தேவை அமுங்கிப்போயிருக்கும். நான்கு பட்டியல்களிலும் வருபவற்றைத் தயங்காமல் முகப்புக்குக் கொண்டுவரலாம். ஒன்றில் மட்டும் வருபவற்றை அந்தந்தக் கூட்டத்தின் முகப்பில் மட்டும் வைக்கலாம்.

கடைசிப் பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பிருந்தவர்களை வைத்து விகிதத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். அந்த ஒரு திருத்தத்திலேயே இரண்டோ மூன்றோ வசதிகள் பட்டியலை விட்டு வெளியேறும் என்பது என் அனுபவம். எஞ்சியவற்றில் காப்பு, மீட்பு, தரவை வெளியே எடுத்துச்செல்லுதல், மாற்றுத்திறனாளர் அணுகல் தொடர்பானவற்றை எண்ணிக்கை பாராமல் தனியே ஒதுக்கிவிடுங்கள். மிச்சமிருப்பவற்றை இன்னமும் பயன்படுத்துகிறவர்களில் ஒவ்வொரு வசதிக்கும் ஏழெட்டுப் பேரிடம், ‘இது வேண்டுமா’ என்று கேட்காமல் ‘கடைசியாக இதை எதற்காகத் திறந்தீர்கள்’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் வேண்டும் என்றே சொல்வார்கள், இரண்டாவதற்குத்தான் உண்மையான வேலை ஒன்று பதிலாக வரும். அந்த வேலையைச் செயலியில் வேறு வழியில் செய்ய முடிந்தால், நிரலை அழிக்காமல் வசதியை மட்டும் மறைத்து, அமைப்புகளில் திரும்ப இயக்கிக்கொள்ளும் வழியை விட்டுவையுங்கள். எத்தனை பேர் அங்கே போய் அதைத் திரும்ப இயக்குகிறார்கள், உதவிப் பக்கத்தில் எத்தனை பேர் அதன் பெயரைத் தேடுகிறார்கள் என்பவற்றை, ஆண்டிறுதி வேலைகளும் உள்ளடங்கும்படி ஒரு முழு ஆண்டு கவனியுங்கள். அதன் பிறகு நிரலை அழிக்கலாம்.